போர்டில் 90 ரூபாய், பேப்பரில் ரெப்போ

வாசகர் கடிதம்: சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் 14 வருஷமாக மெஸ் நடத்துகிறேன். தினம் 110 சாப்பாடு போகும். 2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியபோது 80 ரூபாய்ச் சாப்பாட்டை 90 ஆக்கினேன். அதன் பிறகு போர்டில் கை வைக்கவில்லை. எதிர்க்கடையும் 90-லேயே நிற்கிறது. அப்போது ஒரு சாப்பாட்டுக்கு 71 ரூபாய் செலவு, இப்போது 82. அதில் வாடகை, சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் சேர்ந்து 30 ரூபாய். சமாளிக்க முடியாமல் போன வருஷம் வடையை நிறுத்தினேன். வடைக்கு 4 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. பேங்க்கில் 8 லட்சம் ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025-இல் வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தது. செலவு குறையும், வியாபாரமும் கூடும், விலையை ஏற்றாமலே ஓட்டிவிடலாம் என்பது என் எண்ணம். எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் என் பையனோ, "அப்பா, உன்னை மாதிரி போர்டை மாற்றாத ஆட்கள் இருப்பதால்தான் ரிசர்வ் வங்கிக்கே வேலை இருக்கிறது" என்கிறான். கிண்டலா நிஜமா தெரியவில்லை. விலையை ஏற்றலாமா, காத்திருக்கலாமா? போர்டின் போட்டோ வைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், வேலூர்

காஸ்ட் அக்கவுண்டன்டின் பதில்:

வணக்கம். கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், பையனின் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன்.

2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது பேங்க்குகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை, நான்கு தடவை குறைத்தது. 6.50 சதவீதம் 5.25 ஆனது. அந்த ஒன்றேகால் சதவீதம் அப்படியே உங்கள் ஓடிக்கு வந்து சேர்ந்தது, 8 லட்சத்தையும் வருஷம் முழுக்க எடுத்தே வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் வருஷத்துக்கு 10,000 ரூபாய். நாளுக்கு 27 ரூபாய். 110 சாப்பாட்டில் பங்கு போட்டால் ஒரு இலைக்குக் கால் ரூபாய். அந்தப் பக்கம் உங்கள் செலவு இலைக்கு 11 ரூபாய் ஏறியிருக்கிறது, அதாவது நாளுக்கு 1,210 ரூபாய். 27 ரூபாய் வருமென்று காத்திருந்து 1,210-ஐ விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். செலவைப் பொறுத்தவரை ரெப்போவுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

அந்த 27 ரூபாயாவது வந்ததா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு குறு, சிறு தொழில்களுக்கு மாறும் வட்டியில் கொடுக்கும் புதுக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு பேங்க்குகள் இணைத்தாக வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும் என்பது விதி. உங்கள் ஓடி அதற்கு முந்தியது என்றால் பழைய எம்சிஎல்ஆர் முறையிலேயே (பேங்க் தன் சொந்தச் செலவை வைத்துப் போடும் வட்டி) கிடக்கலாம். சாங்ஷன் லெட்டரை எடுத்துப் பாருங்கள். பழைய முறை என்றால் மேனேஜரிடம் மாற்றிக் கேளுங்கள். போகும்போது உத்யம் என்ற சிறுதொழில் பதிவையும் கொண்டுபோங்கள். ஒன்று கவனித்தீர்களா? வட்டியும் ஒரு விலைதான். பேங்க்கும் தன் போர்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் திருப்புகிறது.

சரி, உங்கள் பையன். அவர் சொன்னது கிண்டல் மாதிரி இருக்கிறது, ஆனால் நிஜம்.

லாங் பஜாரில் நகைக்கடைகளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு ரேட் வரும், சில நாள் மதியத்துக்குள் இன்னொன்று வந்துவிடும். ஊரில் உள்ள எல்லா விலையும் அந்த மாதிரியே ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் சாப்பாடு, கொத்தனார் கூலி, சலூன், வீட்டு வாடகை, ஆட்டோ, எல்லாமே. ரிசர்வ் வங்கி இன்றைக்கு வட்டியைக் குறைத்துப் பணத்தை இளக்குகிறது. சாயங்காலத்துக்குள் எல்லா எண்ணும் சேர்ந்தாற்போல் ஏறிவிடும். கூடுதலாக ஒரு இலை கூட விழாது, ஒரு செங்கல் கூட ஏறாது. எண்கள் மட்டும் பெரிசாகியிருக்கும்.

உங்கள் போர்டு நகராமல் நிற்பதால் கதை வேறு மாதிரி போகிறது. காட்பாடியில் ஒருவர் வீட்டுக்கடன் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாடி எடுக்கிறார். கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் வேலை வருகிறது. அவர்கள் மதியம் ஒரு மெஸ்ஸில் உட்காருகிறார்கள். கூட்டம் கூடியதும் மெஸ்காரர் விலையை ஏற்றவில்லை. உலையில் இன்னும் இரண்டு படி அரிசி போடுகிறார், பாத்திரம் கழுவ ஒரு ஆளைக் கூடச் சேர்க்கிறார். அந்த ஆளின் சம்பளம் தோட்டப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் போகிறது. இதெல்லாம் நிஜமான வேலை, நிஜமான கூலி. போர்டுகள் திரும்பாத வரைக்கும்தான் இது ஓடும். ஒவ்வொருவராக விலையை மாற்ற ஆரம்பித்தால், இளக்கின பணம் இலையாகாமல் விலையாகிவிடும்.

அப்படியானால் போர்டுகள் எத்தனை நாளைக்கு ஒரு தடவை திரும்புகின்றன என்பது பெரிய கேள்வி. பையனுக்குப் பில்ஸ், கிளெனோ என்ற பொருளாதார நிபுணர்களின் பெயர்கள் தெரிந்திருக்கும். அமெரிக்க அரசு கடை கடையாக ஏறிச் சேர்க்கும் விலைப் பட்டியலை 2004-இல் அவர்கள் இருவரும் அலசி, பாதி விலைகள் நாலரை மாதம் கூட நிற்பதில்லை என்றார்கள். பணக்கொள்கை, அதாவது மத்திய வங்கி வட்டியை ஏற்றி இறக்குவது, வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. நாலு மாதத்தில் எல்லாம் திரும்பிவிட்டால் அப்புறம் வட்டிக்கு என்ன பிடி இருக்கும்? 2008-இல் நாகமுரா, ஸ்டைன்சன் என்று இரண்டு பேர் அதே மாதிரிப் பட்டியலை எடுத்து ஒன்றை மட்டும் கழித்தார்கள். தள்ளுபடி! ஆடியில் புடவை 1,000 ரூபாயிலிருந்து 800-க்கு இறங்கி, ஆவணியில் பழையபடி 1,000-க்கே வருகிறது. பட்டியலில் பார்த்தால் இரண்டு விலை மாற்றம், ஆனால் முதலாளி புதிதாக எதையும் முடிவு செய்யவில்லை. அதைக் கழித்ததும் ஒரு விலை 8 முதல் 11 மாதம் நிற்கிறது என்று வந்தது. ஆடித் தள்ளுபடியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கு எவ்வளவு பலம் என்ற வாதமே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் 1990-களில் ஆலன் பிளைண்டர் என்ற பொருளாதார நிபுணர் நேராகப் போய்க் கம்பெனிக்காரர்களிடமே கேட்டார், சுமார் 200 பேரிடம். பாதிப் பேர் வருஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோதான் விலையை மாற்றுகிறோம் என்றார்கள். ஏன் என்று கேட்டபோது முன்னால் வந்து நின்ற காரணம்: "போட்டிக்காரன் முதலில் ஏற்றட்டும், நான் அப்புறம் ஏற்றுகிறேன்." உங்கள் கடிதத்தில் எதிர்க்கடையைப் பற்றி எழுதிய வரியும் அதுதான். அவரும் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் வாசலில் நின்று உங்கள் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

(அதற்காக இரண்டு பேரும் உட்கார்ந்து "ஒண்ணாந்தேதியிலிருந்து 100" என்று பேசி முடிவு செய்துவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி அது தப்பு.)

உங்கள் நிலைமையில் எனக்கு வேடிக்கையாகத் தெரிவது வேறொன்று. விடியற்காலை நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் தினம் ஒரு விலை. முட்டைக்கு நாமக்கல்லில் தினம் விலை சொல்கிறார்கள். கமர்ஷியல் சிலிண்டர் மாதம் பிறந்தால் மாறுகிறது. ஆவின் வருஷக்கணக்கில் அசையாமல் இருக்கும், அசைந்தால் 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48-லிருந்து ஒரே நாளில் 60 ஆன மாதிரி அசையும். இப்படி ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் மாறுகிற சரக்கை வாங்கி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிற விலைக்கு விற்கிறீர்கள். நடுவில் வருகிற ஆட்டமெல்லாம் உங்கள் லாபத்தில்தான் விழுகிறது.

2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? தக்காளி கிலோ 100-ஐத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ரசத்தில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டியிருப்பீர்கள், போர்டைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ரிசர்வ் வங்கியும் ஆகஸ்டில் 6.50-ஐத் தொடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான்: தக்காளி ஏறினது மாதிரியே இறங்கும். 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம், பெரும்பாலும் காய்கறியால். அடுத்த அக்டோபரில் 0.25 சதவீதம். காய்கறி இறங்கின அந்த ஒரு வருஷத்தில் வேலூரில் எந்த ஓட்டலிலாவது இட்லி விலை இறங்கிப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. ரெப்போவை முடிவு செய்ய மும்பையில் கூடுகிற ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கமிட்டிக்குத் தக்காளியைவிட உங்கள் போர்டைப் பார்த்துத்தான் பயம். ஏறினால் நிற்கும், இறங்காது.

பையனிடம் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எத்தனை பேர் போர்டை மாற்றாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. அவர் பாடத்தில் கால்வோ என்ற அர்ஜென்டினாக்காரர் 1983-இல் போட்ட ஒரு மாடல் இருக்கும். நம் ஊர்க் குலுக்கல் சீட்டுதான் அது. எல்லாக் கடைக்காரர் பெயரையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள், யார் சீட்டு விழுகிறதோ அவர் மட்டும் இந்த மாதம் விலையை மாற்றலாம். கணக்குப் போட வசதி. ஆனால் எந்த மெஸ்காரர் குலுக்கலுக்குக் காத்திருக்கிறார்? யாருக்கு அதிகமாகக் கை கடிக்கிறதோ அவர்தான் முதலில் மாற்றுவார், மாற்றும்போது பெரிசாகவே மாற்றுவார். 2007-இல் கோலோசோவ், லூகாஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதைக் கணக்கில் கொண்டுவந்தபோது பணக்கொள்கையின் பிடி மிகவும் சிறுத்துப்போனது. சிலர் மட்டும் மாற்றினாலும், மாற்றுகிறவர்கள் தாண்டுகிற தாண்டலில் ஊரின் சராசரி விலை சீக்கிரம் ஏறிவிடுகிறது. லாபம் 19-லிருந்து 8-க்கு வந்து நிற்கிற நீங்கள் அப்படித் தாண்டத் தயாராக இருக்கிற ஆள். இதில் எந்தப் பக்கம் எவ்வளவு நிஜம் என்று பேராசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் கலந்தது என்பதுதான் கல்லாப்பெட்டிகளைப் பார்த்து எனக்குத் தோன்றுவது.

இன்னொன்று. விலையை மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. வடையை எடுத்தீர்களே, அது 4 ரூபாய் விலை ஏற்றம். 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இளைக்கிற மாதிரிதான். பாக்கெட் எடை குறைந்தால் புள்ளிவிவரக்காரர்கள் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். வடை காணாமல் போனதை எழுதிக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் வாடிக்கைக்காரர் அன்றைக்கே கவனித்திருப்பார்.

எண்களில் ஒட்டிக்கொள்கிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் கோக்க கோலா 1886-லிருந்து 1950-கள் வரை 5 சென்ட். அதற்கு ஒரு காரணம், காசு போட்டால் பாட்டில் தருகிற இயந்திரம் ஒரே ஒரு நாணயத்தைத்தான் வாங்கும். நமக்குச் சில்லறைத் தட்டுப்பாடு அந்த வேலையைச் செய்தது: 90, 100 என்று முழுசாகப் போனால் கல்லாவில் சண்டை இல்லை. கல்லாவில் கியூஆர் அட்டை வந்த பிறகு 94 என்று போட்டாலும் யாரும் சில்லறை தேட வேண்டாம். ஆனாலும் 94 என்று எழுத ஒருவருக்கும் மனசு வரவில்லை, எனக்குமே வராது.

போர்டு மாற்றும் செலவு என்று ஒன்று இருக்கிறது. 1997-இல் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் அளந்தார்கள்: விலைச் சீட்டு அச்சடித்து, ஒட்டி, தப்பைத் திருத்தி, எல்லாம் சேர்த்து விற்பனையில் 0.7 சதவீதம். உங்களுக்கு வருஷ விற்பனை சுமார் 36 லட்சம், அதில் 0.7 என்றால் 25,000 ரூபாய். தமிழ், இந்தி, வங்காளி என்று மூன்று போர்டு வைத்திருக்கிறீர்கள். மூன்றையும் புதிதாக அடித்தாலும் அதற்குப் பக்கத்தில் வராது. உங்களுக்கு நிஜமான செலவு கல்லாவில். "என்னண்ணே, ஏத்திட்டீங்களா?" என்று தினம் வருகிறவர் கேட்டதும் முகம் சுருங்குகிறதே, அதற்குத்தான் மூன்று வருஷமாகப் பயப்படுகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் என் ஃபீஸை நானே நாலு வருஷம் மாற்றாமல் வைத்திருந்தேன். ஒருவழியாக ஏற்றியபோது போனவர் ஒரே ஒருவர். அவரும் வேறு காரணம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வட்டி குறைந்தால் வியாபாரம் கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் பெரிதாக நம்பாதீர்கள். கொல்கத்தாவிலிருந்து காட்பாடி வந்து இறங்குகிறவர் ரெப்போவைப் பார்த்து அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி வாங்குவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ கம்பெனி வாசலில் மெஸ் இருந்தால் கூட்டம் ஏறி இறங்கும். அங்கேயும் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அதற்கு முன்னால் கால் சதவீத ரெப்போ குறைப்பு எம்மாத்திரமாக இருந்தது? கொத்தனார், சித்தாள் வழியாக வருகிற கூட்டம் உங்கள் சந்துக்குக் கொஞ்சம் வரலாம். வந்தாலும் பல மாதம் கழித்துத்தான் வரும்.

அதனால் என் யோசனை: ஏற்றுங்கள். 100 ஆக்குங்கள், வடையைத் திரும்ப வையுங்கள்.

கணக்கு இப்படி. 82-இல் 30 ரூபாய் வாடகை, சம்பளம், வட்டி. ஆள் குறைந்தாலும் அது குறையாது. நாளுக்கு 3,300 ரூபாய். மீதி 52 ரூபாய்தான் இலையோடு போகிற செலவு. இப்போது ஒரு இலை 90 கொண்டுவந்து 52 போக 38 தருகிறது. 110 இலைக்கு 4,180. அதில் 3,300 போனால் கையில் 880. விலையை 100 ஆக்கி வடையும் வைத்தால் இலைச் செலவு 56, இலைக்கு 44 மிஞ்சும். அதே 4,180 வருவதற்கு 95 இலை போதும். அதாவது 15 பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாலும் இன்றைக்கு உள்ள லாபத்தில் ஒரு ரூபாய் குறையாது. ஒருவரும் போகவில்லை என்றால் நாளுக்கு 1,540. வடை இல்லாமல் 100 ஆக்கினால் இன்னும் கூட நிற்கும், தெரியும். ஆனால் இரண்டு தடவை ஏற்றினதாக ஆட்கள் பேசுவார்கள்.

எப்போது என்றால் ஜூன். காலேஜ் திறக்கிறது, புது முகங்கள் வரும், அவர்களுக்குப் பழைய விலை தெரியாது. நோயாளிகளோடு வருகிறவர்கள் எப்படியும் சில வாரத்துக்கு ஒரு தடவை மாறிவிடுகிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது 30, 40 பழைய வாடிக்கைக்குத்தான்: ஆஸ்பத்திரி ஊழியர், ஆட்டோக்காரர், பக்கத்து மருந்துக்கடைப் பையன்கள். அவர்களுக்கு மே மாதமே சொல்லிவிடுங்கள். மாதக் கூப்பன் போட்டு, ஜூன் ஒரு மாதம் பழைய 90-க்கே கொடுங்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் ஜூனில் செலவு நோட்டை எடுத்துப் பாருங்கள். 3 ரூபாய் ஏறியிருந்தால் 5 ஏற்றுங்கள், ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 90 என்பது ஸ்டிக்கர், அதன் அடியில் 80-இன் வளைவு தெரிகிறது. வங்காளி போர்டின் கீழ் மூலையில் இன்னும் 80-தான் இருக்கிறது, மாற்ற மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மூன்று வருஷமாக அதைக் காட்டி எத்தனை பேர் 80 கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியவில்லை. இந்தத் தடவை ஸ்டிக்கர் வேண்டாம், மூன்றையும் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.